தீனபந்து ஆண்ட்ரூஸும் ஒப்பந்தக் கூலி முறையின் முடிவும்

ஓர் அரசு தன் குடிமக்களைக் கடல் கடந்த தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பும் தொழிலைச் சட்டம் இயற்றி நடத்தியது. பின்னர் அதே அரசு ஆணை பிறப்பித்து அத்தொழிலை நிறுத்தியது. முதற்கப்பல்கள் மொரீஷியசுக்குப் புறப்பட்ட 1834ஆம் ஆண்டிற்கும் தடையாணை பிறந்த 1917ஆம் ஆண்டிற்கும் இடையே 83 ஆண்டுகள் கழிந்தன. அந்நெடுங்காலத்தின் இறுதிப் பகுதியில், ஆளும் இனத்தில் பிறந்து ஆளப்பட்டோரின் பக்கம் நின்ற ஒருவரின் பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. அவரே மக்களால் தீனபந்து என்று அழைக்கப்பெற்ற சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். எளியோரின் உறவினர் என்பது அப்பட்டத்தின் பொருள்.

இளமையும் இந்திய வருகையும்

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். பர்மிங்காம் நகரில் வளர்ந்தார். தந்தையார் ஒரு சிறிய கிறித்தவத் திருச்சபையில் சமயப் பணி ஆற்றியவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பயின்ற ஆண்ட்ரூஸ், தந்தையின் சபையை விட்டு விலகி இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து 1897இல் குருவானவரானார். தென் இலண்டனின் வால்வொர்த் பகுதியில், வறுமை மிக்க தெருக்களிடையே சில ஆண்டுகள் பணி செய்தார். கூலி வேலை செய்வோரின் வீடுகளுக்குள் சென்று அவர்களோடு அமர்ந்து பேசும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் கரும்புத் தோட்டங்களில் அவருக்குக் கைகொடுத்ததும் இப்பழக்கமே.

1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் இந்தியா வந்து தில்லி தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். இந்திய மண்ணில் கால் வைத்த நாளைத் தம் இரண்டாம் பிறந்தநாளாகவே அவர் போற்றிவந்தார். கல்லூரியின் முதல்வர் பதவி அவரைத் தேடி வரக்கூடிய நிலையில், தம்மினும் மூத்த ஆசிரியரான சுசில் குமார் ருத்ராவே அப்பதவிக்கு உரியவர் என்று வாதாடினார். அதன் பயனாக 1906இல் ருத்ரா முதல்வரானார். ஆங்கிலேயர் ஒருவர் இந்தியரின் கீழ்ப் பணிபுரிவது அந்நாளில் எளிதில் காணக்கூடிய காட்சியன்று. ஆண்ட்ரூஸ் அதனைத் தம் நல்வாய்ப்பாகவே கருதினார். 1912இல் இலண்டனில் தாகூரைச் சந்தித்தபின் அவர் உள்ளம் சாந்திநிகேதனத்தின்பால் சென்றது.

ஒப்பந்தம் என்னும் கட்டு

ஆண்ட்ரூஸின் பணியை உணர்ந்துகொள்ள, அவர் எதிர்த்த முறையின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, அடிமைகளின் உழைப்பில் செழித்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்யும் களமாக இந்தியா ஆக்கப்பட்டது. 1837இல் இதற்கான முதற்சட்டம் பிறந்தது. ஏற்றுமதியான கூலிகளின் நிலை பற்றிக் கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும் கண்டனம் எழவே, 1838இல் ஆள் அனுப்புதல் நிறுத்தப்பட்டு, 1839இல் தடைச்சட்டமும் வந்தது. ஆயின் அத்தடை நீடிக்கவில்லை. தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலால் 1842இல் மொரீஷியசுக்கும், சில ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வழி திறக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரரின் ரீயூனியன் தீவுக்கு 1860களின் தொடக்கத்தில் இசைவு அளித்த இந்திய அரசு, அங்கே தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு 1882இல் அதனை நிறுத்தியது. தடை விதிப்பதும் தளர்த்துவதுமாகவே அரசின் போக்கு இருந்துவந்தது.

தமிழகத்திற்கும் இக்கதையில் பெரும் பங்கு உண்டு. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்த முதற்கப்பலான துரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டதேயாகும். 1911 வரையில் நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். பிஜித் தீவுகளுக்கு 1879இல் கல்கத்தாவிலிருந்து முதற்கப்பல் சென்றது. சென்னையிலிருந்து 1903இல் ஆள் அனுப்புதல் தொடங்கியது. பிஜிக்குச் சென்ற அறுபதாயிரத்திற்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசிய தென்னாட்டவர்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சில்லிங்கு, பெண்ணுக்கு ஒன்பது பென்சு. இடப்பட்ட அளவு வேலையை முடித்தால்தான் முழுக் கூலி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கப்பலேற்றுவதற்கு அரசு வகுத்த விகிதம். வேலைக்கு வாராமையும், இட்ட வேலையை முடிக்காமையும், தோட்டத்தை விட்டு நீங்குதலும் குற்றங்கள். அவற்றுக்கு அபராதமும் சிறையும் உண்டு. உடன்படிக்கையை மீறுதல் வேறிடங்களில் உரிமை வழக்காக முடியும். தோட்டத்தில் அது குற்ற வழக்காயிற்று. கூலியாளின் கையில் தரப்பட்ட ஒப்பந்தத் தாளில் இத்தண்டனைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே வடநாட்டார் நாவில் கிர்மிட் என்று திரிந்து, அதில் கட்டுண்டவர்கள் கிர்மிட்டியாக்கள் எனப்பட்டனர். தரகர்களின் பேச்சை நம்பி, பிஜி என்பது கல்கத்தாவுக்கு அருகில் உள்ள ஓரிடம் என்று எண்ணிக் கப்பலேறியவர்களும் இருந்தனர்.

கோகலே காட்டிய வழி

இம்முறைக்கு எதிரான குரலை அரசின் அவைக்குள் கொண்டு சென்றவர் கோபால கிருஷ்ண கோகலே. 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் 1911ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டது. 1912ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள், எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதலை நிறுத்த வேண்டும் என்று மற்றொரு தீர்மானத்தை முன்வைத்தார். ஆதரவாக 22 வாக்குகளும் எதிராக 33 வாக்குகளும் விழுந்தன. தீர்மானம் தோற்றது. எனினும் இந்தியரின் உள்ளம் எப்பக்கம் என்பதை அவ்வாக்கெடுப்பு காட்டிவிட்டது.

1913இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் தலைமையில் அறப்போர் மூண்டது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத தொழிலாளர் மீது நேட்டால் அரசு சுமத்திய ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி அப்போரின் காரணங்களுள் ஒன்று. சுரங்கங்களையும் கரும்புத் தோட்டங்களையும் விட்டு ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வெளியேறினர். அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு வந்திருந்த அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு, போராடுவோர்பால் தம் இரக்கத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். போராட்டத்திற்குப் பொருள் திரட்டிய கோகலேயிடம் ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அளிக்க முன்வந்தார். கோகலே அவரையே கேட்டார். ஆண்ட்ரூஸ் நண்பர் பியர்சனோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நேட்டாலில் கண்டது

1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறையில் இறங்கிய ஆண்ட்ரூஸ், வரவேற்க வந்திருந்தோருள் காந்தியடிகள் யார் என்று வினவி, அவர் கால்களைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் ஒருவர் இந்தியரின் காலைத் தொட்டது அந்நகரத்து ஐரோப்பியரிடையே பெரும் சினத்தை எழுப்பியது. பின்னர் அவர் பிரிட்டோரியாவில் ஸ்மட்சுக்கும் காந்தியடிகளுக்கும் இடையே உடன்பாடு காணத் துணை நின்றார். அவ்வேளையில் இங்கிலாந்தில் அவர் தாயார் மறைந்த செய்தி வந்தது. நோயுற்ற தாயைக் காணச் செல்வதா, தென்னாப்பிரிக்கா செல்வதா என்ற நெருக்கடியில் பின்னதைத் தேர்ந்தவர் அவர். சிறை மீண்டு வந்த இந்தியப் பெண்கள் அவரைத் தம் மகனைப்போல் தேற்றினர். இந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பெற்ற நோயால் அவ்வாண்டு பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். ஆண்ட்ரூஸ் அந்நாட்டை விட்டு நீங்கிய வாரமும் அதுவே.

பியர்சன் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். ஆண்ட்ரூஸ் கண்டவற்றுள் ஒரு காட்சி அவரை விட்டு அகலவேயில்லை. தோட்டத்தினின்று தப்பி வந்த ஒரு கூலியாள், அடிபட்டுக் கிழிந்த முதுகோடு, வேட்டையாடப்பட்ட விலங்கைப்போல் அஞ்சி நிமிர்ந்து நோக்கிய முகமே அது.

1915ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோகலே மறைந்தார். அவ்வாண்டுக் கோடையில் ஆண்ட்ரூஸ் வாந்திபேதியால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். சிம்லாவில் உடல் தேறிவந்த நாள்களில் ஒப்பந்தக் கூலி முறை பற்றிய அரசின் அறிக்கைகளை அவர் படித்தார். நேட்டாலில் கண்ட முகம் கண்முன் மீண்டும் தோன்றியது. அக்காட்சியில் கூலியாளின் முகத்தையும் கிறித்துவின் முகத்தையும் பிரித்தறிய அவரால் இயலவில்லை. ஒப்பந்தக் கூலியைப் பற்றி ஆங்கிலக் கவிதையொன்றை எழுதினார். ஆயின் கவிதையோடு அவர் அமையவில்லை. இரக்கம் உண்டாக்குவதற்குக் கவிதை போதும்; அரசின் ஆணையை மாற்றுவதற்கோ சான்று வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பியர்சனோடு பிஜிக்குப் புறப்பட்டார்.

பிஜி அறிக்கை

பிஜியைப் பற்றி இந்தியாவில் ஏற்கெனவே செய்திகள் பரவியிருந்தன. 21 ஆண்டுகள் அத்தீவில் வாழ்ந்து திரும்பிய தோதாராம் சனாத்தியர், பனாரசிதாஸ் சதுர்வேதியின் துணையோடு தம் வாழ்க்கையை இந்தியில் நூலாக்கியிருந்தார். 1913இல் ரேவாப் பகுதித் தோட்டமொன்றில் ஒதுக்குப்புறத்தில் தனியே வேலைக்கு விடப்பட்ட குந்தி என்னும் பெண், தன்னை நெருங்கிய வெள்ளைக்கார மேற்பார்வையாளனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்த செய்தி, மறு ஆண்டு இந்தி இதழொன்றில் வெளிவந்து வடநாட்டைக் கொதிக்கச் செய்தது. பிஜி அரசு அச்செய்தியை மறுத்தது. இந்திய அரசு அனுப்பிய மெக்நீல், சிம்மன் லால் ஆகிய இருவர் அடங்கிய குழுவோ, சில குறைகளைச் சுட்டினாலும், இம்முறையால் தீமையினும் நன்மையே மிகுதி என்ற கருத்துப்பட 1914இல் அறிக்கை தந்திருந்தது.

ஆண்ட்ரூசும் பியர்சனும் பிஜியில் தங்கியது சில வாரங்களே. தோட்ட முதலாளிகளையும் அதிகாரிகளையும் சந்தித்தனர். அதனினும் மிகுதியாகக் கூலி வரிசைகளில் நேரத்தைச் செலவிட்டனர். நீண்ட கொட்டகையைத் தடுத்துத் தடுத்துச் சிற்றறைகளாக்கிய அவ்வரிசைகளில், குடும்பத்தினரும் தனி ஆண்களும் சுவர் ஒட்டி வாழ்ந்தனர். தீவின் சர்க்கரைத் தொழில் பெரும்பாலும் ஆஸ்திரேலிய நாட்டுச் சர்க்கரைக் குழுமம் ஒன்றின் கையில் இருந்தது. குழுமத்தின் வருவாய் பெருகியது. கூலியாளின் சில்லிங்கு மட்டும் பல்லாண்டுகளாக அங்கேயே நின்றது.

1916 பிப்ரவரியில் முடிந்த அவர்களது அறிக்கையின் வலிமை அதன் சினத்தில் இல்லை. அரசின் ஏடுகளிலிருந்தே எடுத்த எண்களில் இருந்தது. பிஜியில் ஒப்பந்தத்தில் இருந்த இந்தியருள் தற்கொலை செய்துகொண்டோர் பத்து லட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 900க்கு மேல் என்ற கணக்கு வந்தது. அவர்கள் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலும் ஐக்கிய மாகாணத்திலும் அவ்வெண் 50ஐ ஒட்டியே இருந்தது. இவ்வெண்களுக்கு ஆதாரம் மெக்நீல் குழுவினர் தொகுத்தவையே. நன்மை மிகுதி என்று முடிவு கட்டிய அறிக்கையின் உள்ளேயே அம்முடிவைப் பொய்யாக்கும் சான்று கிடந்தது. அதனை எடுத்து ஊரறிய வைத்ததே ஆண்ட்ரூஸ் செய்த பெரும் பணி. எண்களுக்குப் பின்னால் நின்ற மனிதரை நேரில் கண்டவர் என்பதால், அவ்வெண்களை அவரால் உரத்துச் சொல்ல முடிந்தது.

தமிழ்நாட்டில் பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களைப் பற்றிப் பாடியதைத் தமிழர் அனைவரும் அறிவர். அப்பாடலும் ஆண்ட்ரூஸின் அறிக்கையும் ஒரே துயரை இரு வேறு வடிவங்களில் நாட்டின் முன் வைத்தன.

ஆண்ட்ரூஸின் அறிக்கைக்கு ஒரு குறையும் உண்டு. பெண்கள் மிகக் குறைவாக இருந்த வரிசைகளில் குடும்ப வாழ்வு சிதைந்ததை விரித்துரைக்கும்போது, அங்கிருந்த பெண்களை ஒழுக்கத்தினின்று வழுவியோராகக் காட்டும் நடை அதில் புகுந்துவிட்டது. தேசத்தின் மானம் என்ற பெயரால் எழுந்த கிளர்ச்சி அந்நடையைப் பற்றிக்கொண்டது. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், பயணச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து, 1980களில் இதனைத் திருத்தினார். வடநாட்டிலிருந்து கப்பலேறிய பெண்களுள் பெரும்பாலோர் தனியாகவே பதிவு செய்துகொண்டவர்கள் என்றும், தோட்டத்தின் சீர்கேட்டுக்குப் பழி சுமக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர் என்றும் அவர் நிறுவினார். ஊரில் வாழ வழியற்றுத் தம் காலால் நடந்து சென்று ஆணையர் முன் நின்ற பெண்களின் துணிவை ஆண்ட்ரூஸின் இரக்கம் முழுதாகக் காணவில்லை.

வாக்குறுதியும் ஏமாற்றமும்

ஹார்டிஞ்சு பிரபு 1915 அக்டோபரிலேயே இம்முறையை ஒழிக்க வேண்டும் என்று இலண்டனுக்கு எழுதியிருந்தார். 1916 மார்ச்சு 20ஆம் நாள் மதன் மோகன் மாளவியா அவையில் கொணர்ந்த தீர்மானத்தை அவர் ஏற்றுக்கொண்டார். நாடு மகிழ்ந்தது. பணி முடிந்ததென்று நம்பிய ஆண்ட்ரூஸ், தாகூரோடு ஜப்பானுக்குப் பயணமானார்.

ஆயின் அவ்வாக்குறுதிக்குள் ஓர் இடைவெளி இருந்தது. குடியேற்ற நாடுகள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும்வரை ஆள் அனுப்புதல் தொடரும் என்பதே அது. அவ்விடைக்காலம் மேலும் ஐந்தாண்டுகள் நீளும் என்பது, தாயகம் திரும்பிய ஆண்ட்ரூசுக்குப் பின்னர் தெரியவந்தது. கப்பல்களும் நிற்கவில்லை. 1916 நவம்பரில் சட்லெஜ் என்னும் கப்பல் கூலிகளோடு சூவாத் துறையை அடைந்தது. ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட ஒன்று ஒழியாமல் இருந்ததைக் கண்ட ஆண்ட்ரூஸ், மிக எளிதில் நம்பிவிட்டோமே என்று வருந்தினார். மீண்டும் ஊர் ஊராகச் சென்று பேசினார், இதழ்களில் எழுதினார்.

1917இன் தொடக்கத்தில் கிளர்ச்சி நாடு முழுவதும் பரவியது. காந்தியடிகள் நாள் குறித்து அரசை எச்சரித்தார். அலகாபாத்தில் சரோஜினி நாயுடு முழங்கினார். பெண்களின் தூதுக்குழுவொன்று அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபுவை நேரில் கண்டு முறையிட்டது. பொது வாழ்வில் அதுவரை வெளிப்படாத பெண்கள், முகமறியாத பெண்களுக்காக அரசின் வாயிலில் நின்றது இந்திய வரலாற்றில் ஒரு புதிய தொடக்கம். மார்ச்சு 12ஆம் நாள், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், தொழிலாளரை வெளிநாடுகளுக்குக் கொண்டுசெல்லுதல் தடை செய்யப்பட்டது.

அத்தடைக்கு அரசு காட்டிய காரணம் அறம் அன்று. முதல் உலகப் போருக்கு ஆள் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆணையின் சொற்களில் கூலியாளின் முதுகும் இல்லை, குந்தியின் ஆறும் இல்லை. எனினும் போர் முடிந்தபின் அம்முறை மீளவில்லை. அம்முறையை மீட்கக் குடியேற்ற நாடுகள் செய்த முயற்சிகளுக்கு நாட்டின் எதிர்ப்பே தடையாக நின்றது.

தடைக்குப் பின்

தடையால் கப்பல் நின்றது. பிஜியில் முன்னரே ஒப்பந்தத்தில் கட்டுண்டோர் கட்டு நீங்கவில்லை. இதனை உணர்ந்த ஆண்ட்ரூஸ் 1917இலேயே இரண்டாம் முறை அங்குச் சென்றார். வரிசைகள் முன்போலவே இருந்தன. ஆஸ்திரேலியாவில் ஊர்தோறும் பேசி, சர்க்கரைக்குப் பின்னால் உள்ள கதையை அந்நாட்டுப் பெண்களுக்கு எடுத்துரைத்தார். அப்பெண்களின் சங்கங்கள் கார்னம் அம்மையாரைத் தாமே பிஜிக்கு அனுப்பி ஆராயச் செய்தன. 1918இல் அவர் தந்த அறிக்கை ஆண்ட்ரூஸ் கண்டவற்றை உறுதி செய்தது. 1920 ஜனவரி முதல் நாள், பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. அதற்கடுத்த சில வாரங்களிலேயே விலைவாசி உயர்வை எதிர்த்துச் சூவாப் பகுதியில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜெயகுமாரி மணிலால் தலைமையில் பெண்கள் அதில் முன்னணியில் நின்றனர். ஆண்ட்ரூஸின் அறிக்கையில் இரங்கத்தக்கோராய்த் தோன்றியவர்கள், தம் பெயரால் தாமே பேசத் தொடங்கிய நாள்கள் அவை.

தமிழரைப் பொறுத்தவரை 1917ஆம் ஆண்டுத் தடை முழுமையான முடிவன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்த் தொழிலாளர் சென்றது பெரும்பாலும் கங்காணிகளின் வழியாக. ஐந்தாண்டு ஒப்பந்தத் தாள் அங்கே இல்லை. முன்பணக் கடனே கட்டாக இருந்தது. கங்காணி உறவினராகவும் ஊராராகவும் இருந்தமையால் அக்கட்டு வெளியே தெரியவில்லை. கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய முறை இலங்கையில் 1921இல்தான் ஒழிந்தது. 1922இல் இயற்றப்பட்ட இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், அரசின் அவை இசைவு தந்த நாடுகளுக்கு மட்டுமே கைத்திறன் அற்ற தொழிலாளர் செல்லலாம் என்று வரையறுத்தது. அவ்விசைவு இலங்கைக்கும் மலாயாவுக்கும் 1923இல் வழங்கப்பட்டது. ஆண்ட்ரூஸ் இவ்விரு நாடுகளுக்கும் சென்று தோட்டத் தொழிலாளர் நிலையைக் கண்டார். மலாயாவில் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி 1938 ஜூனிலும், இலங்கையில் இந்தியரை வேலையினின்று நீக்கியதை ஒட்டி 1939 ஆகஸ்டிலும் இந்திய அரசு தடை விதித்தது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கூலியாள் சென்ற நெடும் ஓட்டத்தை நிறுத்தியவை இத்தடைகளே.

தடைச்சட்டம் இருமுனை கொண்டது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. முதலாளியின் கையைக் கட்டும் சட்டமே, உறவினரைத் தேடிச் செல்லும் ஏழையின் காலையும் கட்டியது. இலங்கையில் வாழ்ந்து ஊர் வந்திருந்த தோட்டத் தொழிலாளர் 1939க்குப் பின் இதனை நேரில் அறிந்தனர். தடை மட்டுமே போதாது, சென்றவர்க்கு ஆங்கே உரிமையும் வேண்டும் என்பதை ஆண்ட்ரூஸ் தம் பிற்காலப் பயணங்களில் இடைவிடாது வலியுறுத்தினார்.

இறுதி நாள்கள்

1925லும் 1927லும் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக விளங்கினார். கென்யா, தென்னாப்பிரிக்கா, பிரித்தானியக் கயானா என இந்தியத் தொழிலாளர் வாழ்ந்த நாடுகளெல்லாம் அவர் கால் பட்டவை. கதராடை உடுத்து, கையிலிருந்ததை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குச் செல்லப் பிறரிடம் பயணச் செலவு பெறும் நிலையிலேயே அவர் வாழ்ந்தார். தம் நாட்டார் சிலர் அவரை இனத்துரோகி என்று இகழ்ந்தனர். இந்தியர் சிலர் வெள்ளையரை எவ்வாறு நம்புவது என்று ஐயுற்றனர். இரு சாராரின் ஐயத்தையும் அவர் பொறுமையோடு தாங்கினார்.

1936இல் மூன்றாம் முறையாகப் பிஜி சென்றார். வரிசைகளில் சிறுவராக இருந்தவர்கள் அந்நாளில் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டு வந்தனர். நிலத்தில் அவர்களுக்கு நிலைத்த உரிமை இல்லை என்பதை அவர் கண்டார். பிஜிப் பழங்குடியினரின் உரிமையும் இந்தியரின் வாழ்வும் எவ்வாறு இசையும் என்ற வினாவை எழுப்பி, பசிபிக் தீவுகளையும் இந்தியாவையும் பற்றிய நூலொன்றை மறு ஆண்டு வெளியிட்டார்.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் மறைந்தார். அவர் உடல் அந்நகரின் லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கிர்மிட் தாளில் கைநாட்டு இட்டவர்களைப் பல்லாண்டுகள் கப்பலேற்றி அனுப்பிய கூலிக் கிடங்குகள், அதே நகரில் ஹூக்ளி ஆற்றின் கரையில் இருந்தன.